விலை சான்றாகுமா? ஒட்டுநாளமும் இருவகை ஸ்ரென்றும்

இவ்வாண்டு மலருக்கு இருதய நாடி அடைப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்று கூறியபோது மருத்துவபீடத்து நண்பரொருவர் சிரித்தார். எமது கலைப்பீடத்து விரிவுரையாளர் ஒருவரோ சிரிக்கவில்லை, கவலைப்பட்டார். "அது உங்கடை பாடமில்லை, மச்சான்" என்பது நண்பரின் தீர்ப்பு. "இது தமிழ்ச் சங்க மலருக்கு உரிய பொருள்தானா, தம்பி?" என்பது விரிவுரையாளரின் ஐயம். இருவரும் என்பால் அன்புடையவர்களே. ஆயினும் இருவரும் நின்று பேசியது ஒரே வேலியின் இரு பக்கங்களில். அந்த வேலிக்கு எங்கள் ஊரவர் கொடுத்துவரும் விலை எவ்வளவென்று கண்டவன் நான். ஆதலின் இருவருக்கும் மறுமொழியாக இதனை எழுதுகிறேன்.

கொடிகாமத்தில், பருத்தித்துறை வீதி கண்டி வீதியிலிருந்து பிரியுமிடத்துக்குக் கூப்பிடு தொலைவில் எங்கள் பெரியப்பாவின் வளவு இருக்கிறது. சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்தவர். 2004ஆம் ஆண்டில், போர்நிறுத்தத்தால் ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறிக் கொழும்புக்குச் சென்று இருதயத்தில் 'பைபாஸ்' எனப்படும் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். மூன்று ஒட்டு. ஒன்று மார்புக்கூட்டினுள் ஓடும் நாடியால் ஆனது. மற்றைய இரண்டும் காலிலிருந்து எடுத்த நாளத்தால் ஆனவை. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவர் சைக்கிளில் சந்தைக்குப் போய்வந்தார்.

2019 ஐப்பசியில் நெஞ்சுநோ மீண்டும் வந்தது. காலிலிருந்து எடுத்து வைத்த நாளங்களுள் ஒன்று ஒடுங்கிவிட்டதென்றும், 'ஸ்ரென்ற்' வைக்கவேண்டுமென்றும் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையிற் கூறினர். ஊரில் இதனை 'ஸ்பிறிங்' என்பார்கள். கட்டண மேசையில் இருந்தவர் பெரியப்பாவின் மகனிடம், "ரெண்டு வகை இருக்கு. சாதாரணமானது ஒண்டு, மருந்து பூசினது ஒண்டு. நல்லது வேணுமெண்டால் மருந்து பூசினதைப் போடுங்கோ, விலை கூடத்தான்" என்றார். அண்ணா வெளியே வந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "மலிவானதைப் போட்டுத் தேப்பனைக் கொண்டவன் எண்டு நாளைக்கு ஊர் சொல்லாதோ?" என்று பெரியம்மா அழுதா. அவ்வளவுதான் ஆலோசனை. கச்சாய்ப் பக்கம் இருந்த ஆறு பரப்புத் தென்னங்காணி மறுவாரம் கைமாறியது. பெரியம்மாவின் கொடியும் அடகுக்குப் போயிற்று.

அப்பொழுது நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். அந்த மேசையிற் கூறப்பட்ட வாக்கியத்தை அன்று நானும் நம்பினேன். இன்று, மூன்று ஆண்டுகள் இலக்கியத் திறனாய்வு என்ற பெயரில் வாக்கியங்களை உடைத்துப் பார்க்கப் பழகியபின், அதனை மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். 'நல்லது' என்பது அங்கே ஒப்பீட்டுச் சொல். எதற்கு நல்லது? எந்தக் குழாய்க்கு? எத்தனை ஆண்டுக்கு? யாரிடம் சோதித்து அறிந்தது? இவற்றுள் ஒன்றுக்கேனும் அந்த வாக்கியத்தில் விடையில்லை. விடை இருக்கவேண்டிய இடத்தில் விலை உட்கார்ந்திருந்தது. கூடிய விலை கூடிய நன்மைக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது, நாமும் ஏற்றுக்கொண்டோம். ஒட்டுநாளத்தைப் பொறுத்தவரை அந்தச் சான்று செல்லாது என்பதே என் வாதம். இதனை மருத்துவ உலகமே ஆய்ந்து பதிவு செய்து வைத்திருக்கிறது. எம்மவர்க்குத்தான் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

முதலில் ஒட்டுநாளம் என்பது யாது என்று காண்போம். தென்மராட்சியில் ஒட்டுமாங்கன்று தெரியாதவர் இலர். ஒரு மரத்தின் கிளையை இன்னொரு மரத்தின் அடியிற் பொருத்தி உயிர்ப்பிக்கிறோம். இருதயத்திலும் ஏறக்குறைய இதுவே நடைபெறுகிறது. இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடி அடைபட்டால், வேறிடத்திலிருந்து எடுத்த ஒரு குழாயின் ஒரு முனையைப் பெருநாடியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைத்து, குருதிக்கு மாற்றுவழி அமைக்கிறார்கள். ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெனே ஃபவலோரோ 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் வைத்தியசாலையிற் கால்நாளத்தைக்கொண்டு இம்முறையை நிலைநாட்டினார். இந்தியாவில் முதன்முதலாக 1975இல், சென்னை பெரம்பூர் இரயில்வே வைத்தியசாலையில் கே. எம். செரியன் இதனைச் செய்தார். கால்நாளம் நீளமானது, எடுப்பதற்கு எளிது, எடுத்தாலும் காலுக்குப் பெரிய நட்டமில்லை. ஆகவே அதுவே உலகெங்கும் வழங்கலாயிற்று.

ஆனால் நாளம் நாடியன்று. நாளம் தாழ்ந்த அமுக்கத்தில் மெல்ல ஓடும் குருதிக்கென அமைந்த மெல்லிய சுவருடையது. அதனைப் பெருநாடியின் அடிக்கும் அமுக்கத்தில் மாட்டினால் அதன் சுவர் தடிக்கத் தொடங்குகிறது; உள்வரி பெருகுகிறது; ஆண்டுகள் செல்லச் செல்லக் கொழுப்புப் படிகிறது. அந்தப் படிவு பழைய நாடிகளிற் காணப்படும் கெட்டியான படிவு போன்றதன்று. மென்மையானது, எளிதில் உதிர்வது. பத்தாண்டு எல்லையில் கால்நாள ஒட்டுகளுள் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு அடைபட்டுவிடுகின்றன என்பது நெடுங்காலக் கணக்கு. மார்பு நாடியால் ஆன ஒட்டு இதைவிட மிகக் கூடிய காலம் திறந்திருக்கிறது. 2005இல் வெளியான பிறிவென்ற்-4 என்ற பெரிய ஆய்வில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் நாளங்களை ஒரு புதிய மருந்தில் நனைத்து ஒட்டிப் பார்த்தார்கள். மருந்தாற் பயன் விளையவில்லை. அதைவிட அதிர்ச்சி, ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி படம்பிடித்துப் பார்த்தோருள் ஏறத்தாழ நாற்பத்தைந்து விழுக்காட்டினர்க்கு ஒரு நாளமேனும் பழுதாகியிருந்தது என்பது. பெரியப்பாவின் நாளம் பதினைந்து ஆண்டு நின்றது அவருடைய நற்பேறு என்றே சொல்லவேண்டும்.

எனவே ஒட்டுநாளத்தின் அடைப்பு தனி இனத்ததான ஒரு நோய். முடியுருநாடியில் ஒரு கருவி நன்றாக வேலை செய்தது என்பதால் ஒட்டுநாளத்திலும் அவ்வாறே செய்யும் என்று கொள்வதற்கு நியாயமில்லை. கட்டண மேசையில் இந்த ஒரு வேறுபாடு கூறப்பட்டிருந்தாற்கூடப் போதும்.

இனிக் கருவிக்கு வருவோம். 1977இல் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குறுன்ற்சிக் என்பவர் நுண்குழாயின் நுனியில் ஒரு பலூனை வைத்து முடியுருநாடிக்குட் செலுத்தி, ஊதி, அடைப்பை விரித்துக் காட்டினார். விரித்தது மீண்டும் ஒடுங்கியது. ஒடுங்காது தாங்கிநிற்க உலோகக் கம்பிவலை ஒன்றை உள்ளே விட்டுவிடுவது என்ற முயற்சி 1986இல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் தொடங்கியது. அந்த வலைதான் ஸ்ரென்ற். பெயர் வந்த வழி வேடிக்கையானது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லின் அச்செடுக்கும் ஒரு பசையைச் செய்த சாள்ஸ் ஸ்ரென்ற் என்ற ஆங்கிலப் பல்வைத்தியரின் பெயர் அது. பசையின் பெயர் தாங்கிக்காயிற்று. தாங்கியின் பெயர் இருதயத்துக்குட் புகுந்தது. மொழியியல் பயிலும் நண்பர்கள் பொருள்விரிவுக்கு இதனை உதாரணமாகக் கொள்ளலாம்.

ஒட்டுநாளத்தில் வெறும் பலூனா, உலோக ஸ்ரென்றா என்ற கேள்விக்கு முதல் விடை 1997இல் வெளிவந்தது. 220 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு அது. ஸ்ரென்ற் வைத்தோரிடம் சிகிச்சை உடனடியாக வெற்றி பெற்ற விகிதம் தெளிவாகக் கூடியிருந்தது. ஆனால் ஆறு மாதத்தின் பின் மீண்டும் ஒடுங்கியது பலூன் பிரிவில் 46 விழுக்காடு, ஸ்ரென்ற் பிரிவில் 37 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர் தாமே எழுதினர். நான் இதிற் கற்றது அவர்களின் நேர்மையை. தம் கருவிக்குச் சார்பான இலக்கம் கையில் இருந்தும் அதற்கு மேல் உரிமை கோராது நிறுத்திக்கொண்டார்கள். எம் திறனாய்வாளர்கள் சிலரிடம் இதனைக் காண்பது அரிது. அது வேறு கட்டுரைக்குரியது.

பின்னர் மருந்து பூசிய ஸ்ரென்ற் வந்தது. உலோக வலையின்மேல் வளரும் இழையந்தான் மீண்டும் ஒடுங்குவதற்குக் காரணம் என்பதால், அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை வலையிற் பூசினார்கள். சிறோலிமஸ் என்ற அம்மருந்து பசிபிக் சமுத்திரத்து ஈஸ்ரர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. அதனை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தவருள் முதன்மையானவர் இந்தியாவிற் பிறந்த சுரேந்திரநாத் சேகல். 2002இல் வெளியான றாவெல் ஆய்வில், வெற்று உலோகம் வைத்தோருள் 26.6 விழுக்காட்டினர்க்கு ஆறு மாதத்தில் மீண்டும் ஒடுங்கியிருக்க, மருந்து பூசியதை வைத்தோருள் ஒருவர்க்கேனும் ஒடுங்கவில்லை. மருத்துவ உலகம் ஆரவாரித்தது, ஆரவாரிக்கத் தக்கதே. இன்று உலகெங்கும் மருந்து பூசியதன் புகழ் இந்த வகை ஆய்வுகளிலிருந்து வந்தது. அவை முடியுருநாடியிற் செய்யப்பட்டவை.

ஒட்டுநாளத்தில் என்ன நடந்தது? இங்கேதான் நான் வாசகரைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன்.

பெல்ஜியத்தில் 75 நோயாளரைக் கொண்டு ஒரு சிறு ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் மருந்து பூசிய ஸ்ரென்றே வென்றது: மீண்டும் ஒடுங்கியது 13.6 விழுக்காடு, வெற்று உலோகத்தில் 32.6. செய்தி 2006இல் வெளிவந்தது. அதே ஆய்வாளர்கள் அதே நோயாளரைத் தொடர்ந்து பார்த்து அடுத்த ஆண்டில் வெளியிட்ட கணக்கு வேறுவிதமாக இருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டு எல்லையில் மருந்து பூசியதை வைத்த 38 பேருள் 11 பேர் இறந்திருந்தார்கள். வெற்று உலோகம் வைத்த 37 பேருள் ஒருவரும் இறக்கவில்லை. 75 பேரைக் கொண்டு உலகுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதை நான் அறிவேன்; பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் இந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் ஆறு மாதக் கணக்கை மாத்திரம் காட்டி வியாபாரம் செய்வோர் எதனை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பதற்கு இது போதிய உதாரணம்.

செருமனியில் 610 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கையில் மருந்து பூசிய பிரிவில் 15 விழுக்காடு, வெற்று உலோகப் பிரிவில் 22 விழுக்காடு. 'பார்த்தீர்களா, நல்லது நல்லதுதான்' என்று மேசையில் இருந்தவர் சொல்லலாம். ஐந்தாண்டுக் கணக்கு 2018இல் வந்தது: மருந்து பூசியதில் 55.5, வெற்று உலோகத்தில் 53.6. முதலாண்டின் முன்னிலை முழுவதும் கரைந்துபோயிற்று. நோய் தடுக்கப்படவில்லை, தள்ளிப்போடப்பட்டது.

அதே 2018இல் அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் இருபத்தைந்தில் நடந்த டீவா ஆய்வின் முடிவும் வெளியாயிற்று. ஏறத்தாழ அறுநூறு பேர். எந்த வகை வைக்கப்பட்டது என்பது நோயாளர்க்குக் கூறப்படவில்லை. இதனைக் கவனிக்க வேண்டும்: 'நல்லது' எது என்று தெரியாதவர்களிடம் நடந்த சோதனை அது. ஓராண்டில் அதே குழாய் மீண்டும் பழுதானது மருந்து பூசியதில் 17 விழுக்காடு, வெற்று உலோகத்தில் 19. மேலும் நெடுங்காலம் பார்த்தபோது 37ம் 34ம். இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. ஒட்டுநாளத்தின் படிவு உதிர்வதுதான் தொல்லை என்றால், வலைக்கு ஓர் உறை போர்த்தி அந்த உதிரலைச் சுவரோடு அடக்கிவிடலாமே என்று சிலர் எண்ணினர். எண்ணம் எவ்வளவு அழகாக இருக்கிறது! மேசையிற் கேட்டால் அதற்கும் ஒரு காணி விற்றிருப்போம். 2003இலும் 2006இலும் வெளியான சோதனைகளில் உறை போர்த்தது வெற்று உலோகத்தை வெல்லவில்லை.

உண்மையிற் பயன் தந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஸ்ரென்ற் வைக்கும்போது உதிரும் துணுக்குகள் கீழ்நோக்கிச் சென்று இருதயத் தசையின் நுண்குழாய்களை அடைக்காதவாறு, அவற்றை மறித்து உறிஞ்சி எடுக்கும் ஒரு தற்காலிகத் தடுப்பை 801 நோயாளரிடம் சோதித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி ஒரு மாதத்துள் நிகழ்ந்த பெருங்கேடுகள் 16.5 விழுக்காட்டிலிருந்து 9.6ஆகக் குறைந்தன. ஆக, ஒட்டுநாளத்தில் ஸ்ரென்ற் வைக்கச் செல்பவர் கேட்கவேண்டிய கேள்வி, 'எந்த வகை ஸ்ரென்ற்?' என்பதைவிட, 'துணுக்குகளை மறிக்க வழி செய்வீர்களா?' என்பதாகவும், 'பழுதான ஒட்டை விட்டுப் பழைய நாடியையே திறக்க முடியுமா?' என்பதாகவும் இருக்கலாம். பின்னையது இயலுமாயின் அவ்வாறு செய்வது நியாயமானது என்று 2021ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டியும் கூறுகிறது. எங்கள் வீட்டார் இவ்விரண்டில் ஒன்றைக் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே!

மருத்துவபீட நண்பர் இவ்விடத்தில் குறுக்கிடுவார். 'இன்று எவர் வெற்று உலோகம் வைக்கிறார்? மருந்து பூசியதன் புதிய தலைமுறை மெல்லிய கம்பியால் ஆனது, பழையதைவிடப் பாதுகாப்பானது. வெற்று உலோகம் சந்தையிலிருந்தே மறைந்து வருகிறது. உங்கள் கட்டுரை முடிந்துபோன வழக்கு' என்பார். இது வலுவான மறுப்பு. அதன் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இருதய வைத்தியர் ஒருவர் மருந்து பூசிய புதிய ஸ்ரென்றைத் தெரிவு செய்தால் அது தவறென்று சொல்ல எனக்குத் தகுதியுமில்லை, காரணமுமில்லை. அது வெற்று உலோகத்தை விடத் தீங்கானதென்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. என் வழக்கு வைத்தியரின் தெரிவோடு அன்று. தெரிவை நோயாளியின் தலையிற் சுமத்தி, அதற்கு விலையை மாத்திரம் அளவுகோலாகக் கொடுத்து, குற்றவுணர்வைத் தூண்டிக் காணி விற்கவைத்த அந்த வாக்கியத்தோடுதான். இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று கூறியிருந்தால் பெரியம்மாவின் கண்ணீருக்கு இடமிருந்திராது.

மேலும் விலைச்சீட்டில் எழுதப்படாத ஒரு செலவு உண்டு. அதனைச் சொல்லாமல் ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

மருந்து பூசிய ஸ்ரென்ற் இழையத்தின் வளர்ச்சியைத் தாமதிக்கிறது. அதுவே அதன் வேலை. ஆனால் உலோகத்தை மூடி ஆற்றுவதும் அதே வளர்ச்சிதான். ஆகவே உலோகம் நெடுநாள் வெறுமையாகக் குருதியிற் கிடக்கிறது. அங்கே குருதி உறையாதிருக்க அஸ்பிரினோடு இன்னொரு குளிசையும் தவறாது எடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி, மாரடைப்பு அவசரமில்லாத நோயாளர்க்கு வெற்று உலோகமாயின் ஒரு மாதமேனும், மருந்து பூசியதாயின் ஆறு மாதமேனும் இரு குளிசையும் வேண்டும் என்றது. மாரடைப்பு நிலையில் வந்தவர்க்கு எவ்வகையாயினும் ஓராண்டு. குளிசை என்பது ஸ்ரென்றின் ஓர் உறுப்பு என்றே கொள்ளவேண்டும்.

இதனை எங்கள் வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. பெரியப்பாவுக்குத் தரப்பட்ட துண்டில் மருந்துகளின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. எத்தனை நாளுக்கு, எதற்கு, நிறுத்தினால் என்ன என்பன அதில் இல்லை. அல்லது இருந்தும் எம்மால் வாசிக்க முடியவில்லை. 2020 பங்குனியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கொடிகாமம் சந்தை மூடப்பட்டது. தட்டிவான் ஓடவில்லை. மருந்துக்கடைக்குப் போக அனுமதி பெறும் வழி இருந்தது. ஆனால் அந்தச் சிறிய குளிசைக்காகப் பொலிசாரிடம் போய் நிற்கவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. "நெஞ்சுநோ இப்ப இல்லைத்தானே, விடுங்கோ" என்றார் பெரியப்பா. ஏறக்குறைய ஐந்து வாரம் அவர் அதனை எடுக்கவில்லை. சித்திரை முடிவதற்குள் ஒருநாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்ட விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது, உயிர் தப்பியது. யாழ்ப்பாணத்தில் அவரைப் பார்த்த வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, "ஐயா, குளிசையை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்பதே. பெரியப்பா சொன்ன பதில் எனக்கு மறக்காது: "அது வயித்துக்குத் தந்ததெண்டு நினைச்சன், டொக்டர்."

குளிசையை நிறுத்தியதாற்றான் அது நிகழ்ந்தது என்று என்னால் நிறுவ முடியாது. நிறுவவும் முயலவில்லை. காணி விற்று 'நல்லதை' வாங்கிய குடும்பத்துக்கு, அந்த நல்லது நல்லதாக இருப்பதற்கான நிபந்தனை ஒரு வரியிலேனும் தமிழிற் கூறப்படவில்லை என்பதை மாத்திரம் சொல்கிறேன். இன்று அவர் முற்றத்தில் நடப்பார். படலை வரை வருவார். சைக்கிள் சுவரோடு சாத்தியபடி நிற்கிறது.

இதெல்லாம் வைத்தியர்களின் விடயம், கலைப்பீடத்தவர்க்கு இதில் என்ன என்போருக்கு இந்தியாவிலிருந்து ஒரு செய்தி. அங்கே மருந்து பூசிய ஸ்ரென்ற் ஒன்று இலட்சம் ரூபாவுக்கு மேலும் விற்கப்பட்டது. அந்த விலையை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்திற் பொதுநல வழக்குத் தொடுத்தவர் பீரேந்தர் சங்வான். அவர் வைத்தியரல்லர், வழக்கறிஞர். 2016இல் ஸ்ரென்ற் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2017 பெப்ரவரியில் விலைக்கட்டுப்பாட்டு அதிகாரசபை வெற்று உலோகத்துக்கு 7,260 ரூபாவும் மருந்து பூசியதற்கு 29,600 ரூபாவும் உச்சவிலையாக விதித்தது. அதற்கு முன் அச்சபை வெளியிட்ட கணக்கு, இலாபத்தின் மிகப் பெரிய பங்கு வைத்தியசாலைக் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டது என்று காட்டியது. ஒரு நாள் இரவுக்குள் விலை நான்கிலொன்றாகச் சுருங்கத்தக்க பொருளின் முன்னைய விலை எதற்குச் சான்றாக நின்றது? கருவியின் நன்மைக்கா, வாங்குவோரின் அச்சத்துக்கா? இக்கேள்வியை ஒரு சட்டத்தரணி கேட்கலாமெனின், பொருளியல் மாணவர் கேட்கலாம். சமூகவியல் மாணவர் கேட்கலாம். தமிழ்ச் சிறப்பு மாணவனாகிய நானும் கேட்கலாம்.

இனி விரிவுரையாளரின் ஐயத்துக்கு வருகிறேன். தமிழ்ச் சங்க மலருக்குரிய பொருள் எது? யாழ்ப்பாணத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் ஆறுமுக நாவலரை நிறுத்துகிறோம், நிறுத்தவேண்டியதே. ஆனால் அதே காலத்தில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலை 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலை 1872இலும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அவருடைய சமய நோக்கம் வேறு. அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. வெட்டவும் தைக்கவும் வேண்டிய அறிவு தமிழில் நிற்கும் என்பதை அவரும் அவரோடு உழைத்த நம்மவரும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டினார்கள். கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. நாடி, நாளம், முடியுருநாடி, இழையம், அமுக்கம் என்று இக்கட்டுரையில் வந்தவை எவையும் நான் ஆக்கியவை அல்ல. பள்ளியில் விஞ்ஞான பாடத்திற் கற்றவை. நம் பிள்ளைகள் உயர்தரம் வரை இச்சொற்களாற் பரீட்சை எழுதித்தான் மருத்துவபீடம் புகுகிறார்கள். புகுந்தபின் ஆங்கிலத்திற் கற்பது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். அதற்காக நோயாளியிடம் திரும்பி வரும்போது அச்சொற்களை வாயிலில் விட்டுவிட்டு வரவேண்டுமா? சொல் இல்லை என்ற சாட்டுக்கு இங்கே இடமில்லை.

எங்கள் சங்கமும் குற்றத்திற் பங்குடையது. சங்க இலக்கியத்து உடன்போக்கைப் பற்றி நாம் எழுதியவற்றை அடுக்கினால் ஒரு நூலக அலுமாரி நிறையும். அவற்றுட் சில நல்லவை; ஒன்று நான் எழுதியது, அது நல்லதன்று. ஆனால் தமிழ் பேசுவோர் ஆண்டுதோறும் கையொப்பமிடும் சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரத்தின் தமிழ் எப்படி இருக்கிறது என்று நம்மில் எவராவது ஒருநாள் எடுத்துப் பார்த்ததுண்டா? பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். குளிசைத் துண்டில் தமிழே இல்லாதிருப்பதற்கு ஒரு வரி எழுதியதில்லை.

வைத்தியர்களைக் குறைசொல்லி ஒதுங்குவதும் எளிது. அதனையும் நான் செய்யமாட்டேன். ஒரு மருத்துவமனைக் காலையில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பெரியப்பாவோடு போய் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர்க்கும் அரைமணி நேரம் விளக்க அவர்களால் இயலாது. அதனாற்றான் எழுத்து வேண்டும். ஒட்டுநாளம் அடைபட்டு வருவோர்க்கு ஒரு தாள், இரு பக்கம், தமிழில். அடைபட்டது ஒட்டா, பழைய நாடியா; ஒட்டாயின் எவ்வகை ஸ்ரென்ற் வைத்தாலும் நெடுங்காலப் பலன் பெரிதும் வேறுபடுவதில்லை; துணுக்கை மறிக்கும் வழி உண்டா என வைத்தியரைக் கேளுங்கள்; இந்தக் குளிசையை இத்தனை மாதம் நிறுத்தக்கூடாது, ஊரடங்கு வந்தாலும் கூடாது. இவ்வளவே. இதனை எழுதத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். பிழையறத் திருத்த மருத்துவம் தெரிந்தவர் வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே சிற்றுண்டிச்சாலையில் இருவரும் தேநீர் குடிக்கிறோம்.

முதல் வரைவு என்னிடம் இருக்கிறது. சென்ற விடுமுறையில் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'நாளம்' என்ற சொல்லை நிறுத்தி, "கால் நரம்பெண்டு போட்டாத்தான் ஊருக்கு விளங்கும், தம்பி" என்றார். நரம்பு வேறு, நாளம் வேறு என்று வாதிட்டேன். அடைப்புக்குறிக்குள் இரண்டையும் போடுவதாக உடன்பட்டோம். திருத்துவதற்கு மருத்துவபீட நண்பர் இருவர் தேவை. சிரித்த நண்பர் அவருள் ஒருவராக இருப்பின் மகிழ்வேன்.